பாண்டி அப்பா, நெல்லிக்குப்பம் அப்பா: இரண்டு பேரும் சட்டப்படி அப்பா ஆக முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். மச்சாண்டாரும் அவர் மனைவியும் நெல்லிக்குப்பத்தில், அவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, குழந்தை இல்லை. உங்கள் இரண்டாவது பையன் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதால் கொஞ்ச நாளைக்கு என்று அவர்களிடம் விட்டீர்கள். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பையனுக்கு இப்போது ஏழு வயது, சனி ஞாயிறு உங்களிடம் வருகிறான், ஒருவரைப் பாண்டி அப்பா என்றும் இன்னொருவரை நெல்லிக்குப்பம் அப்பா என்றும் கூப்பிடுகிறான். பள்ளியில் கையெழுத்து யார் போடுவது என்று பிரச்சினை வந்திருக்கிறது. கனடாவில் மூன்று நான்கு பேரைக்கூடப் பெற்றோராகப் பதிகிறார்களாமே, அதுபோல இங்கே நாலு பேர் பெயரையும் போட முடியுமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: அவர்களுக்கும் பிள்ளையாக இருக்க வேண்டும், நம் கையை விட்டும் போகக்கூடாது, அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இன்றைய தேதியில் இந்தியாவில் முடியாது. பிறப்புச் சான்றிதழில் அம்மாவுக்கு ஓர் இடம், அப்பாவுக்கு ஓர் இடம், அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்க நீதிமன்றங்களிலும் இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப வழக்கும் சொத்து வழக்கும் பார்க்கிறவன் நான், உங்களைப் போல வந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் இந்துக்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். உங்களுக்குப் பொருந்துவது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். அதன் 11வது பிரிவு, ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் இரண்டு பேர் தனித்தனியாகத் தத்தெடுக்கக்கூடாது என்கிறது. 14வது பிரிவு இன்னும் வேடிக்கையானது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள் இருந்து அவர் தத்தெடுத்தால், முதலில் கல்யாணமானவர் மட்டும்தான் அந்தக் குழந்தைக்கு அம்மா, மற்றவர்கள் மாற்றாந்தாய். ஒரே வீட்டில் இரண்டு அம்மாக்கள் இருக்கக்கூடும் என்று சட்டத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஒருவருக்கு மேல் அந்தப் பெயரைக் கொடுக்க மனசு வரவில்லை.

அப்புறம் 12வது பிரிவு, உங்களுக்கு முக்கியமானது அதுதான். தத்துக் கொடுத்த நாளிலிருந்து பையன் எல்லா விதத்திலும் தத்தெடுத்தவர்களின் பிள்ளை, பிறந்த குடும்பத்தோடு இருந்த உறவு அத்தனையும் அறுந்துபோகும். நீங்கள் அவனுக்குச் சித்தி, உங்கள் கணவர் சித்தப்பா, உங்கள் மூத்த மகன் அவனுக்குச் சித்தப்பா மகன். இது வெறும் பேச்சு இல்லை. உங்கள் கணவருக்கு பி.எஃப். இருந்தால், அந்தத் திட்ட விதியிலேயே எழுதியிருக்கிறது: உறுப்பினரின் குழந்தையை வேறொருவர் சட்டப்படி தத்தெடுத்துவிட்டால் அந்தக் குழந்தை உறுப்பினரின் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. அந்தப் பக்கம் பார்த்தால், தத்து ஆகாதவரை மச்சாண்டார் தன் பி.எஃப்.புக்குப் பையனை நாமினியாகப் போட முடியாது, மனைவி இருக்கும்போது தம்பி மகன் பெயர் செல்லாது. பிறந்த வீட்டை அறுத்த சட்டம் ஒரே ஒரு நரம்பை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. பிறந்த குடும்பத்தில் யாரைக் கல்யாணம் செய்யக்கூடாதோ, தத்துப் போன பிறகும் அவர்களைச் செய்யக்கூடாது. 15வது பிரிவின்படி செல்லத்தக்க தத்து ஒன்றை யாரும் ரத்து செய்ய முடியாது. கொடுத்தவரும் முடியாது, எடுத்தவரும் முடியாது, பையனே பெரியவனாகி எனக்கு வேண்டாம் என்றாலும் முடியாது.

இதைச் சொன்னால் எல்லாரும் முகம் வாடிப்போய், நம் பெரியவர்கள் இப்படியா வைத்திருந்தார்கள் என்று கேட்பார்கள். இல்லை, பெரியவர்கள் இப்படி வைத்திருக்கவில்லை. பழைய இந்துச் சட்டத்தில் துவியாமுஷ்யாயனம் என்று ஒரு தத்து முறை இருந்தது, இரண்டு தகப்பன்களின் பிள்ளை என்று அர்த்தம். கொடுக்கிறவரும் எடுக்கிறவரும் ‘இவன் நம் இருவருக்கும் பிள்ளை’ என்று பேசி ஒப்புக்கொண்டு செய்வது, பெரும்பாலும் அண்ணன் தம்பிக்குள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வீட்டிலும் சொத்துரிமை உண்டு, இரண்டு பேருக்கும் கர்மம் செய்யும் கடமையும் உண்டு. உங்கள் வீட்டில் இன்று நடப்பது அச்சு அசலாக அதுதான். வெள்ளைக்கார ஆட்சியில் நீதிமன்றங்கள் இதை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன, ஆனால் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்ததை நிரூபி என்று கேட்டார்கள். 1956 சட்டம் வந்தபோது இது ஒரேயடியாகப் போய்விட்டது. தமிழ்நாட்டில் அன்றே, புதுச்சேரியில் 1963 அக்டோபர் 1ஆம் தேதி இந்துச் சட்டங்களை இங்கே நீட்டித்தபோது. ஆக, இரண்டுக்கு மேற்பட்ட பெற்றோர் என்பது கனடாவிலிருந்து வந்த புது யோசனை என்று நினைக்காதீர்கள். நாம் வைத்திருந்து, சட்டத்தைச் சீர்திருத்தும்போது கழித்துக் கட்டியது. கழித்ததற்குக் காரணமும் இருந்தது, ஒரே பிள்ளை இரண்டு வீட்டில் பங்கு கேட்டு வரும் வழக்குகள் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் சொத்துச் சண்டைக்குப் பயந்து பாசத்தையும் சேர்த்து வெட்டினார்கள் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

புதுச்சேரி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1881 ஆணைப்படி சொந்த மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன குடும்பங்கள், ரெனோன்சான் என்பார்கள், இவர்களுக்கு நான் மேலே சொன்ன 1956 சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். உங்கள் மாமனார் வழியில் யாராவது அப்படி இருந்தார்களா என்று பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், இருந்தால் என் பதில் முழுக்க மாறும். இன்றைய பிரான்சில் தத்து இரண்டு வகை. ஒன்றில் பிறந்த குடும்பத்தோடு உறவு அறுந்துவிடும். இன்னொன்று ‘அதோப்சியோன் சேம்ப்ள்’, எளிய தத்து. இதில் பிறந்த குடும்ப உறவும் அப்படியே இருக்கும், தத்தெடுத்தவர்களோடும் உறவு வரும், இரண்டு பக்கமும் வாரிசு. பிள்ளையை வளர்க்கும் அதிகாரம் மட்டும் தத்தெடுத்தவர் கைக்குப் போகும். யாரும் இதை ‘நாலு பெற்றோர்’ என்று விளம்பரம் செய்வதில்லை, ஆனால் விஷயம் அதுதானே? பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்கள் சில இந்த வழியைப் பற்றி என்னிடம் விசாரித்திருக்கின்றன. அது பிரெஞ்சு வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம், நான் அதில் நிபுணன் இல்லை.

கனடா பற்றி நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. 2007 ஜனவரியில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்கள், குழந்தை பிறக்க உதவிய அவர்களுடைய நண்பர், மூன்று பேரும் அந்தப் பையனுக்குப் பெற்றோர்தான் என்று சொன்னது. பிறகு 2016இல் அங்கே சட்டத்தையே மாற்றி, நான்கு பேர் வரை நீதிமன்றம் போகாமலே பதியலாம் என்று வைத்தார்கள். ஆனால் அதற்குக் கரு உண்டாவதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2013 முதல் ஏறக்குறைய இப்படித்தான். கலிபோர்னியா வேறு வழியில் போனது. இரண்டு பேரை மட்டும் பெற்றோர் என்று சொன்னால் குழந்தைக்குக் கெடுதல் வரும் என்று நீதிபதிக்குப் பட்டால் மூன்றாவது ஆளையும் சேர்க்கலாம், 2014 முதல் நடைமுறை. பிரேசில் உச்ச நீதிமன்றம் 2016இல், வளர்த்த அப்பாவும் பெற்ற அப்பாவும் ஒரே நேரத்தில் சட்டப்படி அப்பாவாக இருக்கலாம் என்றது. கியூபா 2022இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் புதிய குடும்பச் சட்டத்திலேயே இதற்கு இடம் கொடுத்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறந்த பிறகு பெரியப்பா வீட்டில் வளர்ந்த பையனுக்கு ஒன்டாரியோவின் அந்த ஒப்பந்த வழிகூட உதவாது. உங்கள் கதைக்கு நெருக்கமானது பிரேசில்தான்.

இங்கே நீதிமன்றங்கள் சும்மா இருக்கிறதா என்றால் அப்படியும் இல்லை. 2022 ஆகஸ்டில் தீபிகா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவனும் மனைவியும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும் என்கிற அச்சில் அடங்காத குடும்பங்களும் குடும்பங்கள்தான், அவற்றுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. கணவரின் முதல் மனைவியுடைய குழந்தைகளை வளர்த்த ஒரு நர்ஸுக்கு, தனக்கே குழந்தை பிறந்தபோது பிரசவ விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கு அது. 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை, தாங்களே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வரிகளை வைத்துக்கொண்டு பிறப்புப் பதிவாளரிடம் போய் மூன்றாவது பெயரைச் சேர்க்கச் சொன்னால் நடக்காது. ஒன்று விடுப்பு கேட்ட வழக்கு, இன்னொன்று தன் இஷ்டத்துக்கு விரோதமாக அடைத்து வைக்கப்பட்ட பெண்ணை மீட்ட வழக்கு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்யாணம் ஆகாத ஜோடி சேர்ந்து தத்தெடுக்கும் கோரிக்கையைக்கூட மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நம் சட்டம் தாராளமாக எண்ணுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ‘பெற்றோர்’ என்றால் பெற்றவர், தத்தெடுத்தவர், மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் எல்லாரும் என்று எழுதியிருக்கிறது. பையன் சின்னவனாக இருக்கும்போது இரண்டு பேருக்கு மேல் கையெழுத்துப் போடக்கூடாது, அவன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு சோறு போடச் சொல்லி எத்தனை பேர் வேண்டுமானாலும் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்! தத்துக் கொடுத்துவிட்ட பெற்றோர் அப்படி மனு கொடுக்க முடியுமா என்பது வாதத்துக்குரியது. வார்த்தையைப் பார்த்தால் முடியும், 12வது பிரிவைப் பார்த்தால் முடியாது. இரண்டு பக்கமும் பேசலாம் என்பதால் இதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சந்தேகமான இன்னொரு இடம் பூர்வீகச் சொத்து. நெல்லிக்குப்பம் பக்கம் அண்ணன் தம்பி பெயரில் பிரிக்காத நிலம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பையன் பிறந்தவுடனே அதில் உங்கள் கணவர் வழியாக அவனுக்கு ஒரு பங்கு வந்துவிட்டது. தத்துப் போகும்போது அந்தப் பங்கையும் எடுத்துக்கொண்டு போகிறானா, விட்டுவிட்டுப் போகிறானா? தத்துக்கு முன்பே அவனுக்குச் சேர்ந்துவிட்ட சொத்து அவனிடமே இருக்கும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் பிரிக்காத பங்கு அப்படிச் சேர்ந்த சொத்துதானா என்பதில் ஆந்திர உயர் நீதிமன்றம் ஆம் என்றும் மும்பை உயர் நீதிமன்றம் இல்லை என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. எடுத்துக்கொண்டு போனால், பெரியப்பா பங்கும் அவனுக்கு, இங்கே உள்ளதில் ஒரு துண்டும் அவனுக்கு. உங்கள் மூத்தவன் இன்று ஒன்றும் சொல்ல மாட்டான், கல்யாணம் ஆன பிறகு சொல்வான். எனவே எந்த வழியில் போனாலும் முதலில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிடுவது நல்லது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது, ஆள் அடையாளம் வேண்டாம். தம்பி மகனை அண்ணன் வளர்த்தார், ஊருக்கே தெரியும், முந்திரித் தோப்பு ஆறு ஏக்கர். ரேஷன் அட்டையில் பெரியப்பா வீட்டுப் பையன், பள்ளிச் சான்றிதழில் சொந்த அப்பா பெயர், கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பேர் பெயரும். பெரியப்பாவும் பெரியம்மாவும் உயிலோ தத்துப் பத்திரமோ எழுதாமல் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பெரியப்பாவின் தங்கைகள் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். ‘நான் தத்துப் பிள்ளை’ என்று பையன் சொன்னான். சரி, என்று கொடுத்தார்கள், யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று குறுக்கு விசாரணை. தத்து செல்ல ஹோமம் தேவையில்லை, ஆனால் பெற்றவர் கையால் கொடுத்து எடுப்பவர் கையால் வாங்கியது நிரூபணம் ஆக வேண்டும். வளர்த்ததற்கு ஐம்பது சாட்சி இருந்தது, கொடுத்ததற்கு ஒன்றும் இல்லை. தோற்றுப்போனான். நான் அவன் பக்கம் வக்கீல், அதனால்தான் இவ்வளவு நினைவிருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம் என்று வருவோம். பலர் ‘கார்டியன் போட்டுக்கலாமே, ஜி.டபிள்யூ.ஓ.பி. ஒன்று போட்டால் போதும்’ என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், காப்பாளரை நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் போடும் மனு அது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் 19வது பிரிவு இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, தகுதியில்லாதவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறு ஒருவரைக் குழந்தையின் காப்பாளராக நியமிப்பதற்கு அது தடை. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கும்போது அந்த மனு நிற்பது கஷ்டம். அதற்காக உங்களைத் தகுதியில்லாதவர் என்று மனுவில் எழுதச் சொல்லும் ஆலோசனை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாலு பேரும் அவனுக்கு இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், என் யோசனை, இப்போதைக்குத் தத்து வேண்டாம். அதற்குப் பதில், மச்சாண்டாரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு உயில் பையன் பெயருக்கு எழுதிப் பதியட்டும். தான் சம்பாதித்ததையும் பாகத்தில் வந்ததையும் உயிலால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உயில் இல்லாவிட்டால் மச்சாண்டாருக்குப் பிறகு அவர் மனைவிக்கும், அவருடைய அம்மா, அதாவது உங்கள் மாமியார், இருந்தால் அவருக்கும் போகும், பையனுக்கு நேராக எதுவும் வராது. நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கொரு உயிலில், நம் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அண்ணனும் அண்ணியும் காப்பாளர் என்று எழுதிவையுங்கள், இது 1956ஆம் ஆண்டின் இன்னொரு சட்டமான இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 9வது பிரிவு கொடுக்கும் உரிமை. ஒருவர் மட்டும் எழுதினால் பாதி வேலைதான். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் முத்திரைத்தாளில் ஓர் அதிகாரக் கடிதம் கொடுத்து நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போகும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஆனால் மச்சாண்டாருக்கு உண்மையில் வேண்டியது தன் பெயர் சொல்ல ஒரு பிள்ளை என்றால், உயில் அந்தக் குறையைத் தீர்க்காது. அப்போது தத்துதான், அதற்குப் பையனுக்குப் பதினைந்து வயது ஆகாமல் இருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் சம்மதித்து, கையால் கொடுத்து வாங்கி, போட்டோ எடுத்து, தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதியுங்கள். பதிந்த பத்திரத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தால், பொய் என்று நிரூபிக்கப்படும்வரை சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பிறப்புச் சான்றிதழ் திருத்தும்போது சில அலுவலகங்களில் நீதிமன்ற ஆணை கொண்டுவா என்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வது பையனுக்காகவும்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் அவனையும் உட்கார வைத்துக் கேட்கலாம், சட்டம் கேட்கச் சொல்லவில்லை என்றாலும்.

கடைசியாக ஒன்று. ஆதாரில் யார் பெயர் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் மச்சாண்டாரை அப்பா என்று எங்காவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? எழுதியிருந்தால் எந்தத் தாளில், எந்த வருடம் என்று பார்த்துச் சொல்லுங்கள். மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன் அதைச் சரி செய்ய வேண்டும்.